முகக்கவசத்துக்கு ஒரு படி

நான் வேலை பார்த்த நுரையீரல் பிரிவு போன மாதம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக் வெட்டி முடித்த பிறகு, இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் கேட்டாள்: "மேடம், கொரோனா டைம்ல பேஷன்ட்ஸை மாஸ்க்கோடயே நடக்க வெச்சீங்களாமே. ஆக்சிஜன் குறையாதா?"

"குறையாதும்மா" என்று சொல்லிவிட்டு கேக்கைத் தின்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. பதில் தப்பில்லை. ஆனால் இதே பதிலை நம்பி ஒரு காலை நான் செய்த காரியத்தை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராயபுரத்தில் பிறந்தவள் நான். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் பிசியோதெரபி படித்ததும், எலும்பு முறிவுப் பிரிவில் பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் முழங்காலை மடக்கி நீட்டியதும் இந்தக் கதைக்கு வேண்டாதவை. அதன் பிறகு என்னை நுரையீரல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலையில் பெரும்பங்கு மனிதர்களுக்குப் பின்னால் நடப்பது.

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு அதிகம் ஒன்றும் தேவையில்லை. முப்பது மீட்டருக்கு நேரான ஒரு வராந்தா, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆரஞ்சுக் கூம்பு, ஒரு ஸ்டாப் வாட்ச், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், நடுவழியில் முடியாமல் போனால் உட்கார ஒரு நாற்காலி. நடப்பவர் தன் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நான் பக்கத்தில் நடக்கக் கூடாது. பக்கத்தில் நடந்தால் என் வேகம் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். ஓரடி பின்னால், காலடிச் சத்தம் கேட்காமல் வர வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரே குரலில், "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம்" என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. உற்சாகப்படுத்தினால் மனிதர்கள் நம் சந்தோஷத்துக்காக நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் வராந்தாவின் கிழக்கு முனையில் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றுக்கும் அப்பால் ஒரு கோடு போலக் கடல். காலை எட்டு மணிக்கு வெயில் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். நடப்பவர் ஜன்னலை நோக்கிப் போகும்போது வெறும் நிழலாகிவிடுவார், திரும்பும்போதுதான் மறுபடி மனிதராவார். வருடக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சில நாள் நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வரும். எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதும். எனக்கு முன்னால் ஒரு முதுகு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே போகும்.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் கருணாகரன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளி உட்கார்ந்ததும் பத்து வினாடி பேசாமல் அவர் கழுத்தடியையே பார்ப்பார். மூச்சு இழுக்கும்போது அங்கே குழி விழுகிறதா என்று கவனிக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முக்கியமான கேள்வியை, நோயாளி எழுந்து கதவருகே போன பிறகு கேட்பார். "நாற்காலில இருக்கும்போது எல்லாரும் டாக்டருக்குப் பதில் சொல்றாங்க. கதவுகிட்டதான் தன் பேச்சு வருது" என்பார். சோதனைத் தாள்களை மதியச் சாப்பாட்டோடு படிப்பது அவர் பழக்கம். படித்து முடிப்பதற்குள் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் காய்ந்துபோகும்.

மூச்சு ஏணி அவர் யோசனைதான். மூச்சுத் திணறலைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும் என்பது முறை. எங்களிடம் வருகிறவர்கள் எண் சொல்ல மாட்டார்கள். "பேஜாரா கீது சிஸ்டர்" என்பார்கள். அதை எங்கே எழுதுவது? டாக்டர் ஒரு பெயின்டரை வரவழைத்து வராந்தாச் சுவரில் பத்துப் படி வைத்த ஏணி ஒன்றை வரையச் சொன்னார். அதன் பிறகு நான், "இப்ப எந்தப் படில இருக்கீங்க?" என்றுதான் கேட்டேன். எல்லாரும் சட்டென்று கையைக் காட்டினார்கள்.

கொரோனா வந்து, முதல் அலை ஓய்ந்ததும், பிழைத்தவர்களை நடக்க வைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. எல்லார் முகத்திலும் மாஸ்க். அதோடு ஒரு பயம். மாஸ்க் போட்டு நடந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம், மயக்கம் வரும், இதயம் நிற்கும் என்று போனில் வராத செய்தி இல்லை. எங்கள் வார்டு ஆட்களே மாடி ஏறும்போது மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினார்கள்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களில் ஏழு பேரை வரச் சொன்னார். நாங்கள் ஒவ்வொருவராக, மற்றவர்கள் வெளியே நிற்க, ஜன்னலை எல்லாம் திறந்துவைத்து நடந்தோம். முதலில் மாஸ்க் இல்லாமல், பிறகு துணி மாஸ்க், பிறகு மூன்றடுக்கு, கடைசியில் முகத்தை இறுக்கிப் பிடிக்கும் என்-95. ஒவ்வொன்றுக்கும் நடுவே நல்ல ஓய்வு. டாக்டரும் நடந்தார். அவருக்குப் பின்னால் நடந்தது நான்தான்.

யாருக்கும் ஆக்சிஜன் சொல்லும்படி இறங்கவில்லை. நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். ஆனால் ஏணியைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு படி கூடவே சொன்னோம். கன்னம் சூடாகிறது, மேலுதட்டில் வேர்வை, துணி நனைந்து மூக்கோடு ஒட்டுகிறது. என்-95 போட்டபோது, ஏதோ அடைத்த அறைக்குள் நடப்பது போல எனக்கு இருந்தது. விரலில் இருந்த எண் அசையவே இல்லை.

"முகம் சூடானா மூளை அதையும் மூச்சுக் கணக்குலயே எழுதிடுது, ஸ்டெல்லாம்மா" என்றார் டாக்டர், மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி. "கஷ்டம் நிஜம். ஆபத்துதான் இல்ல. நுரையீரல் ஏற்கெனவே கெட்டவங்களைத் தனியா பாக்கணும். மத்தவங்க மெதுவா நடக்கறதுக்கு, மாஸ்க்குக்கு ஒரு படி. அவ்வளவுதான்."

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பயந்து வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அவர்களும் நிம்மதியாக நடந்தார்கள். நாளாக நாளாக நான் ஏணியைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

மேகலா வந்தது அப்போதுதான். நெட்டுக்குப்பத்துப் பெண், நாற்பத்து நாலு வயது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத்தில் மூட்டை பிரித்து அடுக்கும் வேலை. கொரோனா வந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கொண்டு வந்தால்தான் திரும்பச் சேர்ப்பேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டாராம். நீல நிற மாஸ்க், அதற்கு மேல் மையிட்ட பெரிய கண்கள். எனக்குத் தெரிந்த மேகலா அவ்வளவுதான்.

"இன்னா சிஸ்டர், இத்த கட்டிக்கினு எப்டி நடக்கறது? மூச்சே உட முட்ல."

நான் சிஸ்டர் இல்லை என்று திருத்துவதை எல்லாம் நான் விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அவள் நகங்களில் மருதாணி. சில சமயம் அது கருவியை ஏமாற்றும். சுண்டுவிரலில் மட்டும் நிறம் போயிருந்ததால் அதில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடி உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுப்பத்து. மாடி ஏறி வந்திருக்கிறாள், பயம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தாள். மூன்றாவது நிமிடத்தில் ஜன்னலருகே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி. எண் அப்போதும் தொண்ணூற்றெட்டு, நாடி மட்டும் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. ஏணியைக் காட்டினேன். ஏழாம் படியைத் தொட்டாள்.

"எல்லாம் இந்த மாஸ்க்கு பண்ற வேல சிஸ்டர். வூட்டாண்ட நல்லாத்தான் கீறேன்."

"பயப்படாதீங்க. ஆக்சிஜன் ரொம்ப நல்லா இருக்கு. மாஸ்க்தான்" என்றேன். தாளில், மூச்சுத் திணறலுக்குக் காரணம் முகக்கவசம் என்று எழுதி, நாளைக்கு வந்து சர்ட்டிபிகேட் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் கைகூப்பினாள். அன்று வெளியே இன்னும் பதினாலு பேர் காத்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. என் தாள் அவர் முன்னால் இருந்தது.

"ஸ்டெல்லாம்மா, இவங்க ஏழு சொல்லியிருக்காங்க."

"ஆமா சார். மாஸ்க் ரொம்பக் கஷ்டப்படுத்துது போல."

"மாஸ்க்குக்கு ஒரு படி. மிச்ச ஆறு யாருது?"

அவர் நாடி எண்ணை விரலால் காட்டினார். "இதயம் எதையோ துரத்திட்டு ஓடுது. ஆக்சிஜன் குறையலங்கறீங்க. சரி. ரோட்டுல போற லாரி எல்லாம் முழு லோடோட போகுது. லாரியே பாதிதான் இருந்தா? உதடு என்ன கலர்ல இருந்தது?"

"பாக்கல சார். மாஸ்க்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

தொடாமல், ஆறடி தள்ளி, தாளைப் பார்த்து முடிவு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் அவளை அன்று பார்த்திருக்கவில்லை. மெதுவாக டப்பாவை மூடினார். "போன் பண்ணி இப்பவே வரச் சொல்லுங்க" என்றார்.

போன் அணைந்திருந்தது. நான்கு தடவை முயன்றுவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மருத்துவமனை ஊழியர்களுக்கு மட்டும் ரயிலில் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் என்னோடு நாலு பேர். திருவொற்றியூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் காலை மறுபடி மறுபடி வந்தது. ஜன்னலை நோக்கிப் போகும் முதுகு, வெயில், கம்பியைப் பிடிக்கும் கை. எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீலத் துணிதான் இருந்தது.

எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நெட்டுக்குப்பத்தில் கழிமுகத்து நீர் மதிய வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது. அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் அதில் தலைகீழாக நின்றன. தண்ணீர்த் தொட்டியருகே மேகலா வீட்டைக் கேட்கலாம் என்று போனேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. தொட்டியிலிருந்து நாற்பது அடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு படகில் சாய்ந்து, பக்கத்தில் நிறைகுடத்தோடு ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கண்களை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மாஸ்க் இல்லை.

அவள் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். மூக்குத்தி போட்ட, வட்டமான, அழகான முகம். உதடு இருந்த இடத்தில் நிறம் என்று ஒன்று இல்லை. வெந்த சோற்றின் வெளுப்பு.

"இன்னா சிஸ்டர், நீ இங்க?" என்றாள். நாலு வார்த்தைக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

"மாஸ்க் இல்லியே மேகலா. இப்ப எந்தப் படி?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கழியைப் பார்த்தபடி இருந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தேன். காற்று உப்பும் சேறுமாக வீசியது.

"மாஸ்க்குனு சொன்னா மேல யாரும் கேக்க மாட்டாங்க சிஸ்டர்" என்றாள் கடைசியில். "அதான் சொன்னேன்."

பிறகு எல்லாம் வந்தது. ஒன்றரை வருடமாக மாதவிடாய் நிற்காமல் போகிறது. மாதத்தில் பதினைந்து நாள், சில மாதம் இருபது. துணி துவைத்து மாளவில்லை. கணவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொன்னால் கர்ப்பப்பையை எடுக்கணும் என்பார்கள். அவளுடைய அக்கா அதே ஆபரேஷனுக்குத்தான் போனாள், திரும்பி வரவில்லை.

"காலீல நாஷ்டா துன்னுட்டு நடந்து போனா சிஸ்டர் எங்கக்கா. நான்தான் இட்டுனு போனேன்."

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று உறுதி சொல்ல நான் யார்? "தப்பா எழுதினது நான்தான்" என்று மட்டும் சொன்னேன். "உன் முகத்தைப் பாக்காம எழுதிட்டேன். அந்தத் தாளை எடுத்துட்டு நீ மூட்டை தூக்கப் போயிருந்தா, உங்க அக்காவுக்கு ஆனது உனக்கு யார்டுலயே ஆகியிருக்கும். டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடல. உக்காந்துட்டு இருக்கார்."

"எனக்கோசரமா?"

"உனக்காகத்தான். சாப்பிடக்கூட இல்ல."

அதற்குள் அவள் கணவர் ஏழுமலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கழியிலிருந்து ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு. ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் அவளையே பார்த்தார்.

"மாஸ்க்குனு தானே என்னாண்ட சொன்ன?"

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கால் கழுவி, சட்டை மாட்டி, அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதை அவள் காலடியில் வைத்தார்.

"ஆட்டோ நிக்கிது. ஏந்திரி."

"எங்கக்கா..."

"உங்கக்காவ நீ ஒருத்தி இட்டுனு போன. உன்ன ரெண்டு பேரு இட்டுனு போறோம். ஏந்திரி கண்ணு."

அன்று மாலை அவள் ரத்தத்தைப் பார்த்த லேப் பெண் கருவி பழுதோ என்று இரண்டாம் முறை ஓட்டினாள். இருக்க வேண்டிய ஹீமோகுளோபினில் பாதிகூட இல்லை. இருந்த கொஞ்ச ரத்தம் முழு லோடு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு ஓடியதைத்தான் என் கருவி தொண்ணூற்றெட்டு என்று காட்டியிருந்தது. அது பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து ஆபரேஷன். கதவுக்கு வெளியே ஏழுமலையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் இல்லாத ஒரு வலையை விரல்களால் முடிந்துகொண்டே இருந்தார். மேகலா பிழைத்தாள். யார்டில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வேறொரு யார்டில் வேலை கிடைத்ததாக ஏழுமலை போனில் சொன்னார்.

டாக்டர் என்னைக் கண்டிக்கவே இல்லை. கண்டித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் காலை நடைச் சோதனை முறைகள் எழுதிய அட்டையை வாங்கி, கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: நடப்பதற்கு முன் திறந்த ஜன்னலருகே, ஆறடி தள்ளி நின்று, நோயாளியை ஒரு மூச்சு நேரம் முகக்கவசத்தை இறக்கச் சொல்லி உதட்டைப் பார்க்கவும்.

என் வேலைக் காலத்தில் மிச்சமிருந்த காலைகளெல்லாம் அந்த ஒரு மூச்சு நேரத்தால் ஆனவை. ஒவ்வொருவராகக் கிழக்கு ஜன்னலருகே வந்து நிற்பார்கள். நூலைக் காதிலிருந்து எடுப்பார்கள். கடல் வெளிச்சத்தில் ஒரு முகம் தோன்றும். மீசை, மச்சம், பல் இடுக்கு, வெட்கச் சிரிப்பு. பார்த்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். அடுத்தவர் வருவார். இரண்டு வருடம் முகங்களே இல்லாமல் வாழ்ந்த ஊரில், அந்த ஜன்னலருகே மட்டும் காலை தோறும் முகங்கள் பூத்து மறைந்துகொண்டிருந்தன. அவர்களில் பலரின் பெயர் எனக்கு நினைவில்லை. உதடுகள் நினைவிருக்கின்றன.

கேட்ட பெண்ணுக்கு என் பதில் இப்போதும் அதுதான். லேசாக நடப்பதற்கு மாஸ்க் உடம்பை ஒன்றும் செய்வதில்லை. முகம் சூடாகும், அலுப்பாக இருக்கும், மூச்சு ஒரு படி கனக்கும். அந்த ஒரு படியோடு நிறுத்திக்கொள்ளாமல் மிச்சத்தைத் தேடிப் போக வேண்டும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு காலை, தங்கை வீட்டிலிருந்து திரும்ப திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். இப்போது என் முழங்கால்தான் மடங்க மறுக்கிறது. நடைமேம்பாலத்தில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி ஏறினார்கள். தோளில் சாப்பாட்டுப் பை, மேலே கம்பெனி கோட்டு. ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நாலு படி இறங்கி வந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, ஏற முட்லயா? பைய குடு இப்டி."

மேகலா. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வராந்தாவில், நெட்டுக்குப்பத்து மண்ணில், ஆபரேஷன் அறை வாசலில், மாஸ்க் இல்லாத என் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"மெதுவா வா ஆன்ட்டி. வண்டி வர டைம் கீது" என்று என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். தோழியோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள், யாரோ மேஸ்திரியைப் பற்றி. ஒரு வாக்கியத்தின் நடுவிலும் அவள் மூச்சுக்கு நிற்கவில்லை. மேலே போய்ப் பையை வைத்துவிட்டு, நான் வரும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டியின் அறிவிப்பு வந்தது. "வர்ட்டா ஆன்ட்டி? பாத்து எறங்கு" என்று சிரித்தாள். உதடு நல்ல சிவப்பு. இரண்டு பேரும் அந்தப் பக்கத்துப் படிகளில் ஓடி இறங்கினார்கள். ஓடினார்கள். நான் மேலே கைப்பிடியைப் பிடித்தபடி, அவர்கள் பெண்கள் பெட்டியில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.